பதினெட்டில் ஓர் ஏக்கர்

என் அன்பான அண்ணனுக்கு,

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வருஷத் திதி கொடுத்தாகிவிட்டது. எடிசன் ஊரில் நம் வீட்டு ஹாலில் உங்கள் படத்துக்கு உங்கள் பிள்ளை அருண் ஒரு சின்ன பல்பு போட்டிருக்கிறான், அது பகலிலும் எரிகிறது. எல்லாரும் சுகம் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. ஆனால் எனக்கு உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. செத்துப்போனவர் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். வேறு யார் மேல் படுவது?

நிலத்துப் பத்திரம் இன்னும் முடியவில்லை. நான்தான் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

நம்ப முடிகிறதா? பாக்கியமா மாட்டேன் என்றாள்? ஆமாம் அண்ணே. நீங்கள் இருந்திருந்தால் "இங்க போடும்மா" என்று விரலை வைத்துக் காட்டியிருப்பீர்கள், நானும் போட்டிருப்பேன். உங்கள் விரல் இல்லாமல் இப்போதுதான் முதல் தடவையாக ஒரு காகிதத்தைப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தைத் தமிழ்ச் சங்க மலரில் போடுகிறார்களாம். போடட்டும். நம்மைப் போல இங்கே நிலம் வாங்கி வைத்திருப்பவர்கள் படிக்கட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்பு. எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்வேன்.

எடிசனிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் நம் பதினெட்டு ஏக்கர். நீங்கள் வாங்கும்போது சுற்றிலும் சோளக்கொல்லையும் புல்லும்தான். பக்கத்துப் பண்ணைக்காரர் ஜிம் பதினாறு ஏக்கரில் மாட்டுக்குப் புல் போட்டு அறுத்துக்கொள்வார். மிச்சம் ரெண்டு ஏக்கர் என்னுடையது. வெண்டை, கொத்தவரை, கத்திரி, புளிச்சக்கீரை. மே மாதத்திலிருந்து பனி விழும் வரைக்கும் சனி ஞாயிறு நீங்கள் என்னைக் கொண்டுபோய் விடுவீர்கள். எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் "பாக்கியம் ஆன்ட்டி கொத்தவரங்கா வந்துடுச்சா?" என்று கேட்டு வாங்கிப்போவார்கள்.

அப்புறம் எதிரில் குடோன் வந்தது. அடுத்து இன்னொன்று. லாரி பின்னால் போகும்போது கூவுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நீங்கள் ஒரு நாள் சொன்னீர்கள்: "பாக்கியம், நம்ம நிலத்துல எவனும் எப்பவும் கட்டடம் கட்ட முடியாதபடி பண்ணப்போறேன்."

"நாம இருக்கிற வரைக்குமாண்ணே?"

"நாம போனதுக்கப்புறமும்."

அவ்வளவுதான் விளக்கம். அடுத்த வாரமே ஒரு கட்டுக் காகிதத்தோடு வயலுக்கு வந்தீர்கள். மஞ்சள் சீட்டு ஒட்டின இடத்திலெல்லாம் போட்டேன். கையில் வெண்டைக்காய்க் கொழகொழப்பு, பேனா வழுக்கியது. அதைப் பார்த்து நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அதற்கு ஈஸ்மென்ட் என்று பெயர் என்பதே நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. அதே வயலில், பிளாஸ்க் காபியைக் குடித்துக்கொண்டு ஓக் மரத்தைக் காட்டினீர்கள். "அதுக்கடியில உனக்கு ஒரு வீடு கட்டித் தரேன். ரெண்டு ரூம் போதும்ல?" என்றீர்கள். நான் "வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "உனக்குப் பிடிச்ச பக்கம்" என்றீர்கள். இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா அண்ணே? அருணிடம்? ஒரு காகிதத்தின் ஓரத்திலாவது எழுதினீர்களா?

மூன்று மாதம் முன்னால் அருண் என்னைக் கவுன்ட்டி ஆபீசுக்கு, நம்ம ஊர் ஜில்லா ஆபீஸ் மாதிரி, கூட்டிப்போனான். "ஜஸ்ட் சைன் பண்ணா போதும் அத்தை, அரை மணி நேரம்" என்றான். உங்கள் பங்கு இப்போது அவன் பெயரில் இருக்கிறது. நிலத்தில் பாதி என் பெயரில் இருக்கிறது என்பதால் நானும் போட்டால்தான் முடியும். என் பெயரை ஏன் போட்டீர்கள்? பாசத்திலா, பரிகாரமாகவா? இதையும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அங்கே கேத்தி என்று ஒரு அம்மாள். விவசாய நிலத்து வேலையெல்லாம் அவர்கள்தான் பார்க்கிறார்கள். மேஜை மேல் நம் நிலத்தின் படத்தை விரித்தார்கள். நான் ஓக் மரத்தைத் தேடினேன்.

"டேய் அருண், வீடு கட்ட எந்த இடம் விட்டிருக்குன்னு கேளு."

"எந்த வீடு அத்தை?"

"அப்பா எனக்குக் கட்டித் தரேன்னு சொன்ன வீடு. ஓக் மரத்துக்கு அடியில. ரெண்டு ரூம். அதுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கு, எங்க விட்டிருக்கு, தண்ணிக்கு என்ன வழி, எல்லாம் கேளு."

அவன் அந்த அம்மாளிடம் ரெண்டே வார்த்தை சொன்னான். கேத்தி அவனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் பேசினது இவ்வளவு நீளம், வந்து சேர்ந்தது இத்துனூண்டு. அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. போனை எடுத்து யாரிடமோ பேசி, நடுவில் வைத்தார்கள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், இலங்கைத் தமிழ்.

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்க்க வந்திருக்கிறன். அவ சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். நீங்கள் சொல்லுறதையும் அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

நான் அருணைப் பார்த்தேன். அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

அண்ணே, நீங்கள் ரெண்டு வருஷமாகச் சொல்லாததை முகம் தெரியாத அந்தப் பெண் பத்து நிமிஷத்தில் சொன்னாள். "காணி உங்கடைதான் அம்மா. விக்கலாம், பிள்ளையளுக்கு எழுதலாம், தோட்டம் செய்யலாம். கட்டடம் கட்டுற உரிமையை மட்டும் தனியப் பிரிச்சுக் கவுன்ட்டிக்குக் குடுக்கிறீங்கள். அதைக் காசுக்கும் குடுக்கலாம், சும்மாவும் குடுக்கலாம். சும்மா குடுத்தா வரியில கழிவு இருக்காம். உங்கட அண்ணா பாதியைக் காசுக்கும் மிச்சத்தைத் தானமாயும் எழுதியிருக்கிறார்."

"புளியமரம் நம்மளது, உலுக்கிற குத்தகை மட்டும் அடுத்தவங்களுது. அந்த மாதிரியாம்மா?"

"ஓம் அம்மா, அப்பிடித்தான். ஆனா இந்தக் குத்தகைக்குத் தவணை இல்லை. என்டைக்கும். நீங்கள் வித்தாலும் வாங்குறவை கட்ட ஏலாது. வருஷத்துக்கு ஒருக்கா ஆள் வந்து பாத்திட்டுப் போவினம்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் அண்ணன் நல்லதுதான் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் வீட்டைக் கேட்டேன். கேத்தி பக்கத்தைத் திருப்பி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்கள். போன் சொன்னது: "வீடு கட்ட ஒரு துண்டை முதலே ஒதுக்கி வைக்கலாம் அம்மா. அந்தத் துண்டுக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனா உங்கட விண்ணப்பத்தில ஒண்டும் ஒதுக்கேல்லை எண்டு இருக்கு. பத்திரம் முடிஞ்சா பிறகு ஒரு நாளும் கேக்க ஏலாது." அப்புறம், "கீழ உங்கட கையெழுத்து இருக்கு" என்றது.

என் கையெழுத்துதான். தமிழில், கோணலாக. பக்கத்தில் வெண்டைக்காய்க் கறை.

"கேத்தி அப்பவே ரெண்டு தரம் கேட்டவவாம், ஒரு துண்டு வையுங்கோ எண்டு. உங்கட அண்ணா சிரிச்சுப்போட்டு, எங்கட வீட்டில குடுத்தா மிச்சம் பிடிச்சு வைக்கிறேல்லை, என்ர தங்கச்சியும் அப்பிடித்தான் எண்டு சொன்னவராம்."

அண்ணே, அந்த இடத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எனக்குத் தெரியும் நீங்கள் எதை நினைத்துச் சொன்னீர்கள் என்று. என் கல்யாணம் முடிந்த அடுத்த மாதம், முசிறி ரிஜிஸ்தர் ஆபீஸ். அப்பா நிலத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்துக் கூட்டிப்போனீர்கள். எல்லா அண்ணன்களும் அப்படித்தான் செய்தார்கள், எல்லாத் தங்கச்சிகளும் அப்படித்தான் போட்டார்கள். அந்த நிலத்தை விற்றுத்தான் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தீர்கள். பின்னால் என் வீட்டுக்காரர் தவறிப்போனதும் என்னையும் இங்கே கூட்டிக்கொண்டீர்கள். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் நாற்பது வருஷமாக, யார் வீட்டுக்கு வந்தாலும், சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் நீங்கள் சொல்வீர்கள்: "என் தங்கச்சி ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டா." எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் குழம்பு ஊற்றுவேன்.

ஒரு வார்த்தை இருந்தது அண்ணே. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் என் பெயரில் இருக்கட்டும் என்று கேட்க வேண்டும். பஸ்ஸில் முசிறி வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆபீஸ் வாசலில் நீங்கள் "வெயிலா இருக்கு, சோடா குடிக்கிறியாம்மா?" என்று கேட்டீர்கள். அவ்வளவு பிரியமாகக் கேட்டீர்கள். குடித்தேன். அந்த வார்த்தை சோடாவோடு உள்ளே போய்விட்டது. அப்புறம் கட்டைவிரலில் மை.

கேட்காதவளை வேண்டாதவள் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அதை ஒரு பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் அது வெள்ளைக்கார ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில் பெரிய சண்டை.

"அத்தை, இது அப்பாவோட லாஸ்ட் விஷ். ஏன் இவ்வளவு கஷ்டப்படுத்தறீங்க?"

"நான் கஷ்டப்படுத்தலடா. கஷ்டம் நாற்பது வருஷமா இருக்கு. இன்னிக்குத்தான் உனக்கு மொழிபெயர்த்து வந்திருக்கு."

"நம்ம பேஸ்மென்ட்ல உங்களுக்கு என்ன குறை? ஹீட்டர் இருக்கு, டிவி இருக்கு."

"ஒரு குறையும் இல்ல. வாசல்தான் இல்ல. நான் தெருவைப் பார்க்கணும்னா உன் பொண்டாட்டி சமையல் பண்ற இடத்தைத் தாண்டித்தான் போகணும். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, நல்ல பொண்ணு. ஆனா ஒவ்வொரு தடவையும் 'எங்க போறீங்க அத்தை?'ன்னு கேப்பா. நான் எங்கேயாவது போவேன்டா. சும்மா போவேன்."

"பட் ஊர்ல நீங்க ஒரு வார்த்தை கேக்காம..."

"நிறுத்துடா."

அப்புறம் அந்தச் சோடாக் கதையைச் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. அவன் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டான், எட்டு மைல் சுற்றிக்கொண்டு வந்தோம்.

இதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய பாடு. இங்கே கொடுக்கிறவள்தான் அலைய வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு நான் கேட்ட ஒரு ஏக்கர் துண்டை ஒதுக்க வேண்டும் என்றால் நிலத்துக்கு மதிப்புப் போட்ட ரெண்டு பேரும் மறுபடி வர வேண்டும். ஸ்டேட்டில் மறுபடி ஒப்புக்கொள்ள வேண்டும். அளக்கிறவர் வேறு மறுபடி. இந்த வருஷத்து வரிசையிலிருந்து நாம் கீழே போகலாம் என்று கேத்தி ஒளிக்காமல் சொன்னார்கள். நம் முறை வராமலே போனாலும் போகுமாம். அதற்குள் குடோன்காரர்கள் நிலத்தை விலைக்குக் கேட்டு அருணுக்கு ரெண்டு கடிதம் போட்டுவிட்டார்கள். கோயிலில் ஒரு அம்மாள் என் காதுபடவே, "அண்ணன் கடைசி ஆசையை நிறுத்தி வெச்சிருக்காளாம்" என்றாள். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு மட்டும் பயம் இல்லையா? என் ஒரு ஏக்கரால் பதினெட்டும் போய்விட்டால் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்தப் பல்பை எப்படிப் பார்ப்பேன்?

ரெண்டு நாள் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பேனாவை எடுத்தேன். பேனாவை எடுத்ததும் வாயில் சோடா ருசி வந்தது. வைத்துவிட்டேன்.

போன மாதம் அருணைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். நேராக ஓக் மரத்தடிக்குப் போனேன், நீங்கள் காட்டின இடம். ஜிம் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். உங்களை நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். நான் இங்கே வீடு என்று கையால் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் கையில் வைத்தார். அருண் சொன்னான்: "இதுதான் இந்த நிலத்துலயே பெஸ்ட் மண்ணாம் அத்தை. இதுல போய் வீடு கட்டறீங்களேன்னு கேக்கறாரு."

எனக்கா தெரியாது? என் வெண்டை அங்கேதான் ஆள் உயரம் வரும். கறுப்பு மண், விரலில் ஒட்டினால் கழுவினாலும் போகாது. வீட்டு ஆசையில் நானே அதை மறந்திருக்கிறேன். நீங்களும் மரத்து நிழலைத்தான் பார்த்தீர்கள், மண்ணைப் பார்க்கவில்லை.

நடந்து நடந்து தேடினேன். ரோட்டோரம் வடக்கு மூலையில் ஒரு இடம். கல், களிமண். ஜிம் அங்கே புல்கூடப் போடுவதில்லை. எதிரில் குடோன் கதவு, லாரி கூவுகிற சத்தம் நேராகக் காதில் விழும். "இங்க" என்றேன்.

"அத்தை, ஆர் யூ ஷ்யூர்? எதிர்ல பாருங்க."

"பார்த்துட்டேன். நல்ல மண்ணெல்லாம் கொடுக்கிறதுல போகட்டும். இதுல ஒண்ணும் விளையாது, நான் இருந்துக்கறேன்."

அவன் காரிலிருந்து ஆரஞ்சு கொடி வைத்த குச்சிகளை எடுத்து வந்தான். நான் கேட்காமலே கொண்டுவந்திருக்கிறான், பாருங்கள். மூலைக்கு ஒன்றாக நட்டான். கல்லில் இறங்காமல் ஒன்று வளைந்துபோயிற்று.

இன்னொரு கேள்வி இருந்தது. அந்த ஏக்கரைத் தனியாகப் பிரித்து எப்போது வேண்டுமானாலும் விற்கிற மாதிரி வைப்பதா, இல்லை நிலத்தோடு ஒட்டியே இருக்கிற மாதிரியா? ரெண்டு விதமும் உண்டாம். அருண், "பிரிச்சே வாங்கிக்கோங்க அத்தை. உங்களுதுன்னு இருக்கட்டும். நான் சண்டை போட மாட்டேன்" என்றான். ஒட்டியே இருக்கட்டும் என்றேன். எனக்கு வாசல்தான் வேண்டும், வேலி வேண்டாம்.

அப்புறம் அந்தக் காகிதம் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தான். ஒரு பக்கம் இங்கிலீஷில் படிப்பான், அப்புறம் அவன் தமிழில் சொல்வான். அவன் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. ஒரு இடத்தில், "இது எப்பவும், எப்பவும், எப்பவும்" என்றான்.

"ஒரு எப்பவும் போதாதாடா?"

"நோ அத்தை. இவங்க மூணு தடவை சொல்றாங்க. பயமா இருக்குல்ல?"

"இல்ல. நல்லா இருக்கு. அடுத்ததைப் படி."

மத்தியானம் மூன்று மணி ஆயிற்று முடிக்க. நடுவில் அவன் மனைவி சாதம் கொண்டுவந்து வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. படிக்கப் படிக்க எனக்கு உங்கள் மேல் கோபம் கூடிக்கொண்டுதான் போயிற்று. இவ்வளவு நல்ல காரியத்தை என்னிடம் சொல்லிச் செய்திருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? நாம் ரெண்டு பேரும் சேர்ந்து கொடுத்ததாக இருந்திருக்குமே. நீங்கள் என்னையும் சேர்த்து அல்லவா கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

படத்தில் கோடு போட்டுக் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். காத்திருக்கிறோம். இந்த வருஷமா, அடுத்த வருஷமா, தெரியவில்லை. குடோன்காரர்களின் மூன்றாவது கடிதத்தை அருண் பிரிக்காமலே குப்பையில் போட்டான். நான் பார்க்க வேண்டும் என்றே என் முன்னால் போட்டான் என்று நினைக்கிறேன்.

அண்ணே, நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவர்கள் கூப்பிடுகிற அன்றைக்குப் போவேன். பதினேழு ஏக்கரையும், அந்த ஓக் மரத்தடிக் கறுப்பு மண்ணோடு சேர்த்து, எப்பவும் எப்பவும் எப்பவும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். உங்கள் ஆசை நிற்காது. ஆனால் போனில் அந்த இலங்கைப் பெண் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் யார் எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும் நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.

வீட்டு வாசலைக் கிழக்கே வைக்கிறேன். ரோடு அந்தப் பக்கம்தான். வந்தால் கதவைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வார்த்தை கேட்டுவிட்ட உங்கள் தங்கச்சி,
பாக்கியம்